அரிவாள்மனையில் ஒரு கால்

மாலை ஐந்தரைக்குக் கண்காட்சியைத் திறந்தார்கள். ஆறு மணிக்குள் வேதமூர்த்தியின் பெரிய ஓவியத்தின் முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. சமையலறைத் தரையில் ஒரு பெண் அரிவாள்மனையில் புடலங்காய் நறுக்குகிறாள். குனிந்திருப்பதால் முகம் தெரியவில்லை.

"அக்கா, உங்களையே வரைஞ்சிருக்கார். குடுத்து வச்சவங்க நீங்க" என்றாள் ஒரு மாணவி, வேதமூர்த்தியின் மனைவி திலகவதியிடம். "வீட்டு வேலையில இவ்வளவு அழகு இருக்குன்னு சார் சொல்லித்தான் தெரியுது."

திலகவதி சிரித்து வைத்தாள். படத்தில் அரிவாள்மனைப் பலகையை மிதித்திருந்த காலைப் பார்த்தாள். இடது கால். சிறுவயதில் விழுந்ததிலிருந்து அவளுக்கு இடது முட்டி மடங்காது. எப்போதும் வலது காலால்தான் மிதிப்பாள். ஓவியத்தில் அந்த இடது கால் சுகமாக மடங்கியிருந்தது. குதிகாலின் வெடிப்பைக்கூட அவன் விடவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்திருக்க வேண்டும். தன் காலை அவன் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை.

கூட்டம் விலகியதும் அவன் இரண்டு காபியோடு வந்தான்.

"எப்படி வந்திருக்கு, திலகா?"

அவள் காபியை வாங்கிக்கொண்டாள்.

"அவ வெடிப்புக்கு மருந்து ஏதாவது வாங்கிக் குடுத்தீங்களா, இல்ல வரைஞ்சதோட சரியா?"