பேசின் கழுவிய நாள்

சமையல் சோடாவைக் குளியலறைப் பேசின் முழுக்கத் தூவிவிட்டு அதன் மேல் வினிகரை ஊற்றினாள் ஓக்ஹி. புஸ்ஸென்று நுரை பொங்கியது.

நுரைக்கு அடியில் புருஷன் தல்சுவின் தாடி முடி. துளித் துளியாக, கறுப்பும் வெள்ளையுமாக, சோப்பு அழுக்கோடு காய்ந்து பீங்கானைச் சுற்றி வளையம் கட்டியிருந்தது.

கடலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் காலையில் சவரம் செய்துகொண்டுதான் போவான். கழுவிவிட்டுப் போகமாட்டான். இருபது வருடச் சண்டை அது.

"ஏங்க, இது மூஞ்சி கழுவுற இடமா, பன்னி பொசுக்குற இடமா?" என்று அன்றைக்கும் கத்தினாள்.

"திரும்பி வந்து நானே தேய்க்கறேன். அதுவரைக்கும் நீ கை வெக்காத, சொல்லிட்டேன்" என்று சிரித்தபடி, பல் பிரஷ், சவரக்கத்தி, சீப்பு எல்லாவற்றையும் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினான்.

அவளும் வீம்புக்குக் கை வைக்கவில்லை. மற்ற வேலைகளை வழக்கம்போல் அன்றைக்கே முடித்தாள். அவன் படுத்த போர்வையும் தலையணை உறையும் மீன் கவுச்சி அடித்த சட்டைகளும் வெந்நீரில் ஊறி, அலசி, காய்ந்து, அலமாரிக்குப் போயின. பேசின் மட்டும் கிடந்தது. அவள் சமையலறைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டாள்.

நான்காம் நாள் செய்தி வந்தது. ஜேஜு தீவுக்குத் தெற்கே படகு கவிழ்ந்துவிட்டது. ஏழு பேர். ஒருவரும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் பேசினைத் தொடாததற்குக் காரணம் வீம்பு இல்லை. தான் கழுவினால், அவன் வந்து கழுவப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பதினேழு நாள். துறைமுகக் கொட்டகையில் காத்திருந்த மற்ற பெண்கள் அழுது ஓய்ந்து, சோறு தின்னத் தொடங்கிவிட்டார்கள். இவள் மட்டும் ஏதோ சீனப் படகு அவர்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் சிலர் தலையாட்டினார்கள். பிறகு யாரும் ஆட்டவில்லை.

இன்று காலை பொக்சிம் போன் செய்தாள். அதே படகின் இன்ஜின் டிரைவருடைய மனைவி.

"ஓக்ஹி, நம்ம ஆளுங்கள்ல ஒருத்தர் முந்தாநாளே கெடச்சுட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. யாருன்னு இன்னும் தெரியலையாம். நல்ல உயரமாம்."

தல்சுவும் நல்ல உயரம்தான்.

"எங்க வீட்டு ஆள் குள்ளம்" என்று சொல்லிவிட்டு, பொக்சிம் போனை வைத்துவிட்டாள்.

உயிரோடா என்று இவள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பொக்சிம் அக்காவைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். ஆஸ்பத்திரிக்கே பேசியிருக்கலாம். கேட்டால் ஏதாவது ஒரு பதில் வந்துவிடும்.

ஆஸ்பத்திரி என்றுதானே சொன்னாள். அங்கிருந்து வருகிறவன் வந்த கையோடு பேசினையா தேய்ப்பான்?

அதனால்தான் அவளே கழுவ இறங்கினாள்.

நுரை அடங்கியதும் பஞ்சை நனைத்துத் தேய்த்தாள். முடி லேசில் விடவில்லை. ஒவ்வொரு துணுக்காக நகத்தால் சுரண்டினாள். குழாய்க்கு அடியில் இருந்த துருக்கறையின் மேல் வினிகரில் ஊறிய காகிதத்தை ஒட்டி, நூறு எண்ணி, உரித்தாள். வடிகால் ஓட்டையில் அடைப்பு நீக்கும் திரவத்தைப் புட்டியோடு கவிழ்த்தாள். உள்ளே என்னமோ கொதித்து, ஓய்ந்தது. மேலே ஒரு கெட்டில் வெந்நீர். அதற்கும் மேலே இன்னொன்று.

கையில் தோல் உரிந்து எரிந்தது. நிறுத்தினால் யோசிக்க வேண்டியிருக்கும். நிறுத்தவில்லை.

கடைசியில் பருத்தித் துணியில் பற்பசையைத் தடவி வட்ட வட்டமாக மெருகு போட்டாள். பேசின், வாங்கி மாட்டிய நாளில்கூட இத்தனை வெள்ளையாக இருந்ததில்லை. ஒரு தூசு இல்லை. ஜன்னல் வெளிச்சம் அதில் வழுக்கிக்கொண்டு போனது.

போன் அடித்தது.

கடலோரக் காவல்படையிலிருந்து ஒருவன். சின்னக் குரல், மரியாதையான குரல். "மன்னிக்கணும்மா" என்றுதான் ஆரம்பித்தான்.

அவள் பேசின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழு பேரில் மூன்று பேர் உயரமானவர்கள் என்றான். இத்தனை நாள் தண்ணீரில் கிடந்ததால் முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, விரல் ரேகையும் எடுக்க முடியவில்லை என்றான். மற்ற இரண்டு வீட்டாரும் வந்து ரத்தம் கொடுத்துவிட்டார்களாம். பொருந்தவில்லையாம்.

"அப்ப அது அவர்தானே?"

"அப்படித்தான் தோணுதும்மா. ஆனா உறுதியான ஒரு அத்தாட்சி இல்லாம உடம்பைக் குடுக்க எங்களுக்கு அனுமதி இல்ல. பிள்ளைங்க இருக்காங்களா?"

"இல்ல."

"அவரோட அப்பா, அம்மா? கூடப் பிறந்தவங்க?"

"யாரும் இல்ல சார். அவர் அனாதை விடுதியில வளர்ந்தவர். பொறந்து மூணு நாள்ல வாசல்ல போட்டுட்டுப் போயிட்டாங்க. பேரே விடுதிக்காரங்க வெச்சதுதான்."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"பரவால்லம்மா, கவலைப்படாதீங்க. வீட்டுல அவர் பயன்படுத்தின ஏதாவது போதும். துவைக்காத சட்டை, பல் பிரஷ். ஒரு முடி இருந்தாக்கூடப் போதும். ஒரே ஒரு முடி. இல்லேன்னா யாரும் உரிமை கேக்காத உடம்புன்னு எழுதி, கவர்மென்ட்டே எரிச்சிடும்."

அவள் பேசினைப் பார்த்தாள்.

மண்டியிட்டு, பேசினுக்கு அடியிலிருந்த வடிகுழாயைத் திருகிப் பிடுங்கினாள். தெளிந்த தண்ணீர் அவள் மடியில் கொட்டியது.

"அம்மா? இருக்கீங்களா? ஒண்ணுகூடவா வீட்டுல விட்டுட்டுப் போகல அவர்?"

"விட்டுட்டுத்தான் போனார் சார்" என்றாள்.