சனிக்கிழமைப் புதையல்

"இதென்னது? ஆரின்ரை காசு இது?"

றோசமலர் போட்ட சத்தத்தில் பலெர்மோ நகரத்துக் கால்சா ஒழுங்கையின் எதிர்வீட்டு யன்னல் திறந்தது.

கழுவப் போடுவதற்காகப் பீலிக்ஸின் கால்சட்டைப் பையை மேசையில் கவிழ்த்திருந்தாள். வழமையான சாமான்கள்தான் விழுந்தன. பஸ் ரிக்கற், சாவி, மன்னாரை விட்டு வந்த நாளிலிருந்து அவன் எறிய மனமில்லாமல் வைத்திருக்கும் விளிம்பு நெளிந்த இலங்கைப் பத்துச் சதக் காசு. கூடவே முகம் துடைக்கிற லேஞ்சியில் கட்டிய ஒரு முடிச்சு. அவிழ்த்துப் பார்த்தால், உள்ளே கறுத்துப்போன பழங்காசுகள்.

எங்கே பார்த்த காசுகள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பீலிக்ஸ் வீட்டோடு போய்ப் பராமரிக்கும் இத்தாலிய வயசாளி, அவர்கள் 'சிஞ்ஞோர்' என்று கூப்பிடுகிறவரின் கண்ணாடி அலுமாரிக்குள் இருப்பவை. போன ஈஸ்டருக்கு அவரே காட்டினார். மண்ணுக்குள் காசு கிடந்தால் கத்துகிற மெஷின் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, காடு காடாக அலைந்து தோண்டி எடுத்தவையாம்.

"சிஞ்ஞோர் தந்தவரோ?"

பீலிக்ஸ் தலையைக் குனிந்தான். "இல்லை."

"கேட்டு எடுத்தனீங்களோ?"

"கேக்கேல்லை. றோசம், கொஞ்சம் மெல்லக் கதை..."

அவ்வளவுதான். கோபம் வந்தால் றோசமலருக்குக் கண் தெரியாது, வாய் மட்டும்தான் தெரியும்.

"சோறு போட்ட வீட்டிலையே கை வைச்சிட்டியளே! அந்த மனுசன் கையெழுத்து வைச்சாத்தானே உங்களுக்கு இஞ்சை இருக்கப் பெர்மெஸ்ஸோ குடுப்பாங்கள்? அந்த வேலையைக் காட்டித்தானே பிள்ளையைக் கூப்பிடப் பேப்பர் போட்டிருக்கிறம்? அவள் அங்கை தங்கச்சி வீட்டிலை ஷெல்லடிக்குப் பயந்து பங்கருக்குள்ளை கிடக்கிறாள். நீங்கள் இஞ்சை களவெடுக்கிறியள்!"

மேசையில் கிடந்த காசையெல்லாம் ஒரே அள்ளாக அள்ளி, லேஞ்சியில் போட்டு இறுக்கிக் கட்டி, அவன் நெஞ்சில் எறிந்தாள்.

"இண்டைக்கு நானும் வாறன். அவரின்ரை கையிலை நீங்கள் குடுக்கிறதை என்ரை கண்ணாலை பாக்கவேணும்."

அவர்கள் போனபோது, சிஞ்ஞோர் தொப்பியும் போட்டு, மெஷினை அணைத்துக்கொண்டு தன் வீட்டு வாசலிலேயே நின்றார். சனிக்கிழமை என்றால் மொன்ரே பெல்லெக்ரீனோ மலையடிவாரத்துக் காட்டுக்குப் போகவேண்டும் அவருக்கு. பீலிக்ஸ் அவரைக் காரில் ஏற்றினான். காசைக் கொடுக்கவில்லை. றோசமலர் வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

காட்டோரம் கார் நின்றது. பாதையில் முள் கிடக்கிறதா என்று பார்த்து வருவதாகச் சிஞ்ஞோரிடம் சொல்லிவிட்டு, பீலிக்ஸ் மரங்களுக்குள் நுழைந்தான். அவளும் பின்னாலேயே போனாள்.

ஒரு பைன் மரத்தடியில் அவன் அவசரமாக மண்ணைக் கிளறினான். லேஞ்சியை அவிழ்த்து, பார்க்காமலே அப்படியே கொட்டி, சருகால் மூடினான்.

"ஓ! பிடிபட்டிட்டன் எண்டு இஞ்சை கொண்டுவந்து ஒளிக்கிறியளோ?"

"சத்தம் போடாதை. அவருக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! நானே போய்ச் சொல்லுறன். கள்ளனோட என்னாலை குடும்பம் நடத்த ஏலாது!"

திரும்பியவளின் கையை அவன் எட்டிப் பிடித்தான்.

"அவர் எடுக்கத்தான் புதைக்கிறன், றோசம்."

"என்ன?"

"இந்தக் காட்டிலை இனி என்ன கிடக்கு? சோடா மூடியும் ஆணியும்தான். மாசக்கணக்கா ஒண்டும் கிடைக்காமல், மெஷினைக் குப்பையிலை போடச் சொல்லிட்டார் மனுசன். பிறகு கட்டிலை விட்டு எழும்பேல்லை, சாப்பாடும் இல்லை. எவ்வளவு கெஞ்சியிருப்பன்! அதுக்குப் பிறகுதான் இந்த யோசனை வந்தது. அவருக்கு இப்ப ஞாபகம் மட்டு. தன்ரை காசெண்டே தெரியாது. எடுத்துக்கொண்டு போய்த் துடைச்சு, தானே அலுமாரியிலை வைப்பார். வெள்ளிக்கிழமை நான் திரும்ப எடுப்பன்."

றோசமலருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனாலும் ஏறிய கோபம் உடனே இறங்கிவிடுமா?

"இதை என்னட்டைச் சொன்னால் என்னவாம்?"

"உனக்குச் சொன்னால் பலெர்மோ முழுக்கக் கேக்குமே!"

சிஞ்ஞோர் மெஷினோடு மெல்ல மெல்ல வந்தார். பைன் மரத்தடியில் அது கத்தியது. முழங்காலில் இருந்து தோண்டியவர், "பீலிக்ஸ்! காசு! காசு!" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கூவினார். பீலிக்ஸ் கைதட்டிய தட்டில் மரத்திலிருந்த புறாக்கள் பறந்தன. அவன் இப்படிச் சிரித்து அவள் கண்டு கனகாலம். இந்த மனுசனையா கள்ளன் என்றேன் என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

காரைத் திருப்பி நிறுத்த அவன் போனதும், சிஞ்ஞோர் றோசமலரைக் கிட்டக் கூப்பிட்டார். மண் ஒட்டியிருந்த ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தக் காட்டுக்கு அராபியர் வந்தார்கள், நோர்மன்காரர் வந்தார்கள், ஸ்பானியர் வந்தார்கள்" என்றார் இத்தாலியனில். "உங்கள் ஆட்கள் எப்போது வந்தார்கள், றோசா?"

அவள் பெருவிரலால் மண்ணைத் துடைத்தாள். நெளிந்த விளிம்பு. தமிழ் எழுத்து. காலையில் கோபத்தில் தான் ஒரே அள்ளாக அள்ளிக் கட்டிய பத்துச் சதம்.

எல்லாம் போச்சு. வேலை, பேப்பர், பிள்ளை. "சிஞ்ஞோர், அவர் களவெடுக்கேல்லை..." என்று எந்தப் பாஷையில் சொல்கிறோம் என்றே தெரியாமல் தொடங்கினாள்.

சிஞ்ஞோர் விரலை உதட்டில் வைத்தார். கார்ச் சத்தம் கிட்ட வந்துகொண்டிருந்தது.

"அவன் பைக்குள் திருப்பி வைத்துவிடு. அவனிடம் ஒன்றும் சொல்லிவிடாதே. எனக்கு ஞாபகம் இல்லை என்று நம்பிக்கொண்டு, பாவம், எவ்வளவு சந்தோசமாக இருக்கிறான்!"