நடந்தவர்கள் முந்நூறு பேர்

பூங்கோதையின் ஏழாவது மனுவுக்கும் மாநகராட்சியின் தானியங்கிப் பதில் இயந்திரம் அதே பதிலைத்தான் அனுப்பியது: 'குளக்கரைச் சாலையில் நடப்பவர் எவருமில்லை. நடைபாதையோ சைக்கிள் பாதையோ தேவையில்லை.'

"லாரிக்கு நடுவுல எவனுங்க நடப்பான்?" என்று பூங்கோதை போனைப் பார்த்துக் கத்தினாள். மகளின் சைக்கிள் மூன்று வருடமாகப் பால்கனியில் துருப்பிடித்துக் கிடந்தது.

ஞாயிறு காலை அந்தச் சாலையில் நடப்பதற்கென்றே குடியிருப்போர் சங்கத்தில் முந்நூறு பேரைத் திரட்டினாள். வீட்டிலிருந்து நடந்துவர வழி ஏது? எல்லோரும் காரில் வந்து, கிடைத்த சந்தில் நிறுத்திவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சாலையோரக் கம்பத்திலிருந்த மாநகராட்சிக் கேமரா ஒருவர் விடாமல் எண்ணியது.

மாலையே பதில் வந்தது: 'முந்நூறு பேர் நடந்தது உறுதியானது. காரணம், கார் நிறுத்த இடமின்மை. பாதைக்குக் கேட்ட நிலத்தில் கார் நிறுத்துமிடம் அமைக்கப்படும். தாங்கள் நடக்க நேர்ந்ததற்கு வருந்துகிறோம்.'