தூக்கக் கூடாத கை

பின்னால் மூன்றே மாதங்களில் இழுத்து மூடப்பட்ட அந்தப் புதிய அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கில் ஒரு விதி இருந்தது. உயரத்திலிருந்து இறங்கும் பந்தைப் பிடிக்க நிற்பவன் கையைத் தூக்கிக் காட்டினாலும் எதிரணி அவன்மேல் மோதலாம். பழைய லீக்கில் கை தூக்கியவனை யாரும் தொடமாட்டார்கள். வதனியின் தம்பி நிருஜன் பத்து வருடமாகப் பழைய விதியில் ஆடியவன். பந்து மேலே போனால் அவன் கை தானாக எழுந்துவிடும். சனிக்கிழமை புதிய லீக்கில் அவனுக்கு முதல் ஆட்டம். கை தூக்கி நின்றால் விலா எலும்பு தப்பாது.

வீட்டுக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் அவன் பந்தை உயர எறிந்துவிட்டு நின்றான். ஓடிவந்து மோதவேண்டியவள் வதனி. ஆறு தரமும் அவன் கை எழுந்தது; ஆறு தரமும் அவள் ஓரடி முன்னால் நின்றுவிட்டாள்.

“ஏனக்கா நிண்டனீ?”

“நீ கையைத் தூக்கினாய்.”

“தூக்கினா இடிக்கவேணும். அங்கை எவன் நிப்பான்?”

“உன்ரை கோச்சை வந்து இடிக்கச் சொல்லன்.”

“அவர் இடிச்சா சனிக்கிழமைக்கு நான் இருக்கமாட்டன்.”

வதனி சிரிக்கவில்லை. தூக்கிய கையைக் கண்டதும் தன் கால்கள் நின்றுவிடுவது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. தான் நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கைக்கு நம்பிக்கை கூடுகிறது என்பது அவளுக்குத் தெரிந்தது.

ஏழாவது முறை பந்து மேலே போனது. கை எழுந்தது. வதனி கண்களை மூடிக்கொண்டு, வேகத்தைக் குறைக்காமல் ஓடினாள்.