மாத்திரை எதுவுமில்லை

மதுசூதனன் சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார்.

போன வருடத்து எம்.ஆர்.ஐ. படங்களை உறையிலிருந்து உருவி டாக்டர் ரீனாவின் மேஜையில் போட்டார். "அப்பவே இடது மார்புல கட்டி தட்டுப்படறதுன்னுதான் எடுத்தோம். ஒண்ணுமில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. இப்ப கேன்சர்ங்கறீங்க."

பக்கத்தில் அவர் மனைவி செங்கமலவல்லி புடவைத் தலைப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பயாப்ஸி முடிவு வந்த மூன்று நாளாக அவள் வாய் திறக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து அவரே கொதித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஸ்கேன் சென்டரைச் சும்மா விடுவதாக இல்லை. துறைமுகத்தில் சுங்கப் படிவங்கள் நிரப்பியே இருபத்தாறு வருடம் ஓட்டியவர். அவர் எழுதியதில் ஒன்றுகூடப் பிழையென்று திரும்பி வந்ததில்லை. ஊரில் வேறு எவனுக்கும் வேலையில் கவனம் கிடையாது என்பது அவர் கட்சி.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று மின்னியது.

"உடம்புல ஹார்மோன் கூடியிருந்தா இப்பிடி வரும் சார். ஸ்கேனுக்குப் போடுற ஊசி மருந்து ஏறுனதும் நல்ல சதையும் சேந்து மின்னும், கட்டி அதுக்குள்ள ஒளிஞ்சிக்கிடும். அப்ப ஏதும் மாத்திரை சாப்பிட்டாங்களா?"

"தலைவலிக்குக்கூட சாப்பிட மாட்டா. நான்தானே ஃபாரம் நிரப்பினேன். எதுவுமில்லைன்னு தெளிவா எழுதியிருக்கேன்."

"நாளைக்கு மறுபடியும் எடுக்கணும். வலது பக்கமும் இருக்கான்னு பாத்துட்டுத்தான் எவ்வளவு வெட்டணும்னு முடிவு பண்ண முடியும். இந்தத் தடவையும் தப்பாயிரக் கூடாது."

டாக்டர் அவரை விட்டுவிட்டுச் செங்கமலவல்லியின் பக்கம் திரும்பினார். "கோயில், விசேஷம்னு நாள் தள்ளிப்போக மாத்திரை போடுவீங்களாம்மா?"

மதுசூதனன் மேஜையில் கிடந்த காலி உறையை எடுத்து மடித்தார்.

கருட சேவைத் திருவிழாவில் ஒருநாள் மண்டகப்படி அவர் குடும்பத்துக்கு. அன்றைக்குப் பெண்டாட்டி தட்டோடு பக்கத்தில் நிற்க வேண்டும். தூரமென்று ஒதுங்கி உட்காரக் கூடாது. அதனால் பூஜைச் சாமான் பட்டியலில், கற்பூரத்துக்கும் துளசி மாலைக்கும் அடுத்தபடியாக, நாளைத் தள்ளிப்போடும் அந்த அட்டையையும் வருடா வருடம் அவரே எழுதி மில்லர்புரம் மருந்துக்கடையில் வாங்கி வந்துவிடுவார். போன வருடம் திருவிழாவும் ஸ்கேனும் ஒரே வாரத்தில் வந்தன. பெருமாள் காரியத்துக்கு வாங்குவதை அவர் மாத்திரையென்று நினைத்ததே இல்லை.

இந்த வருடத்து மண்டகப்படி வெள்ளிக்கிழமை.

"அது எப்பவோ ஒண்ணு ரெண்டு, மேடம்" என்றார்.

செங்கமலவல்லி அப்போதுதான் நிமிர்ந்தாள். அவரைப் பார்க்கவில்லை.

"இன்னைக்குக் காலம்பறகூட இவர்தான் கொடுத்தார்" என்றாள். "தண்ணியும் இவரே எடுத்துண்டு வந்தார்."