செகண்ட் ஷிஃப்ட்டுக்கு ஒரு வட்டம்

ஹரிணி மறுபடியும் நாலாவது வட்டத்தைப் போட்டாள்.

ஜெயப்ரியா சாக்பீஸைக் கீழே வைத்தாள். காலையிலிருந்து இதே கணக்கு. பன்னிரண்டு புளியங்கொட்டைகள், சாப்பிட உட்கார்ந்திருக்கும் மூன்று பேர். தரையில் மூன்று வட்டம் வரைந்து, ஆளுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே போனால் விடை தானாக வந்து நிற்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுத்தலை இதற்கு மேல் எளிதாகச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

சொல்லும் தெம்பும் இல்லை.

சாப்பாட்டு மணி அடித்ததும் தலைமையாசிரியை சரோஜம்மாளிடம் பதில் சொல்லியாக வேண்டும். கல்லாவியில், அம்மா வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் இருக்கும் ஒரு டீச்சர் ஓசூருக்கு வர ஆசைப்பட்டார். இவள் சரியென்றால் இருவரும் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

போனால் திரும்பி வரும் எண்ணமில்லை.

கணவன் விமல்ராஜிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்கு, இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் விழித்திருக்க வேண்டும்.

அவனுக்கு எப்போதும் செகண்ட் ஷிஃப்ட். நடுராத்திரி கம்பெனி பஸ் அவனை இறக்கிவிடும்போது அவள் தூங்கியிருப்பாள். அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமைகளை ஓவர்டைம் தின்றுவிடும். வாட்ஸ்அப்பில் சிலிண்டர் தீர்ந்தது, தண்ணீர் லாரி வந்தது என்பதோடு பேச்சு சரி.

மற்றபடி அவர்களுக்கு நடுவே இருந்தது ஒரு ஹாட்பாக்ஸ்.

நாலு சப்பாத்தியும் ஓர் அவித்த முட்டையும் அதில் வைத்துவிட்டுப் படுப்பாள். காலையில் திறந்தால் இரண்டு சப்பாத்தி அப்படியே இருக்கும். முட்டையிலும் பாதி இருக்கும், கத்தியால் நேராக வெட்டியது. உன் சமையல் இவ்வளவுதான் என்று சொல்வதைக்கூட எத்தனை சுத்தமாகச் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டே தெருநாய்க்குப் போடுவாள்.

பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடலாமே என்று ஒரு முறை கேட்டும் பார்த்தாள்.

“பிடிக்கலைன்னு யாரு சொன்னது?” என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

இன்று காலையும் பாதி முட்டை. அதைப் பார்த்த பிறகுதான் கல்லாவிக்குச் சரி என்று முடிவு செய்தாள்.

“மூணு பேருன்னுதானே சொன்னேன்? இந்த வட்டம் யாருக்குடி?” என்று ஹரிணியிடம் கேட்டாள்.

“உக்காந்திருக்கறது மூணு பேரு மிஸ். நைனா செகண்ட் ஷிஃப்ட்டு.”

ஹரிணியின் வீட்டில் தெலுங்கு. அப்பாவை நைனா என்பாள்.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த தினேஷ்குமார் மட்டும், மிஸ்ஸுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல நிமிர்ந்தான்.

“ஷிஃப்ட்டு போனவங்களுக்கு மொதல்ல எடுத்து வெச்சிட்டுதான் மிஸ் மத்தவங்களுக்குப் போடணும்.”

அவன் முன்னால் ஐந்து வட்டங்கள் இருந்தன. அவன் வீட்டில் இரண்டு பேர் ஷிஃப்ட்.

ஜெயப்ரியாவுக்குத் திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. இன்னொரு முறை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். குனிந்து ஹரிணியின் நாலாவது வட்டத்தை உள்ளங்கையால் அழிக்கப் போனாள்.

வட்டத்துக்குள் இரண்டு கொட்டைகள்தான் இருந்தன. மூன்றாவது, கோட்டுக்கு வெளியே தனியாகக் கிடந்தது.

“இது உருண்டு வந்துருச்சா?”

“இல்ல மிஸ். அது அம்மாவுக்கு. நைனா வெச்சிருவாரு.”

“அம்மாதான் உங்களோட உக்காந்து சாப்ட்டாச்சே.”

“சாப்ட்டுச்சான்னு நைனாவுக்கு எப்பிடி மிஸ் தெரியும்? அது தூங்குதில்ல.”

ஜெயப்ரியாவின் கை தரையிலேயே நின்றுவிட்டது.

பிடிக்காத சாப்பாட்டை யாரும் கத்தி எடுத்து வெட்டுவதில்லை. கடித்துப் பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பார்கள். அந்தப் பாதி முட்டையில் ஒரு நாளும் பல் பட்டதில்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு சத்துணவுக் கூடத்துக்கு ஓடினார்கள். புளியங்கொட்டைகள் நாலாபுறமும் சிதறின. சரோஜம்மாள் கையில் போனோடு வாசலில் வந்து நின்றார்.

“என்னம்மா, சரின்னு சொல்லிடட்டுமா? பாவம், கல்லாவி டீச்சர் காலைலேர்ந்து கேட்டுட்டே இருக்காங்க.”

“நாளைக்குச் சொல்றேன் மேடம்.”

“இன்னிக்கி சொல்றேன்னு நீதானே சொன்ன?”

“ராத்திரி அவரு வர்ற வரைக்கும் முழிச்சிருக்கப் போறேன்.”

“நீயா? மீட்டிங்கிலயே கண்ணு சொருகற ஆளு” என்று சொல்லிக்கொண்டே சரோஜம்மாள் போனார்.

ஜெயப்ரியா தரையில் உட்கார்ந்து கொட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

வீட்டில் இருப்பவள் சாப்பிட்டாளா என்று ஹரிணியின் நைனாவுக்குத் தெரியாது. விமல்ராஜுக்குத் தெரிந்திருக்கிறது.

அவனுக்கு நாலு சப்பாத்தி போட்டு முடித்ததும் அடுப்பை அணைத்துவிடுவாள். தனக்கென்று போட்டு, தனியாக உட்கார்ந்து சாப்பிட மனசு வருவதில்லை. ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டாள்.

அவன் வந்து கை கழுவும்போது பாத்திரம் கழுவும் தொட்டி காய்ந்து கிடக்கும். காலையில் அதில் ஒரே ஒரு தட்டு இருக்கும்.

அவனுடையது.