சிமெந்தில் விழுந்த உயிர்ச்சுவடு

"மாமா, கால வைக்காதீங்க! இது உயிர்ச்சுவடு!"

கத்தியது பத்து வயது மேனுஷா. தேயிலைத் தோட்டத்து லயத்தின் வாசலில் முந்தின நாள் சாயந்திரம்தான் கொங்கிரீட் பாதை போட்டிருந்தார்கள். ஈரம் காயும் முன்பே யாரோ அதில் நடந்து போய்த் திரும்பி வந்திருந்தார்கள். காலையில் பார்த்தால் தடங்கள் கல்லாய் இறுகிக் கிடந்தன. பாதையை முன்னின்று போட்டவர் மாரிசாமி. கதிர்காமக் காவடிக் குழுவுக்குத் தலைவரும் அவர்தான்.

"உயிர்ச்சுவடாவது, மண்ணாங்கட்டியாவது! எவன் உசிர எடுக்கலாம்னு பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

"டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க மாமா. ரொம்பக் காலத்துக்கு முந்தி நம்ம நாட்டுல நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் எல்லாம் இருந்துச்சாம். இப்ப ஒன்னுகூட இல்ல. ரத்தினபுரியில மாணிக்கம் தோண்டுன குழியில கெடச்ச பல்லு, எலும்ப வச்சுத்தான் கண்டுபிடிச்சாங்களாம். சில எடத்துல கால் தடமே கல்லாயிருமாம். அதப் பாத்தா அது எப்படி நடந்துச்சுன்னு சொல்லிரலாம்!"

"அப்ப இந்த நீர்யானை எப்படி நடந்துச்சு? சொல்லு பாப்போம்."

பக்கத்தில் நின்ற அவள் அப்பா சிவஞானம் அவசரமாக அவள் கையைப் பிடித்தார். "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு பாப்பா," என்று இழுத்துப் பார்த்தார். மகளா கேட்பாள்? குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"போறப்ப எட்டி எட்டி வச்சிருக்கு. அவசரம்! நப்ரீஸ் நானா சாப்பாட்டுக் கடைப் பக்கமாப் போயிருக்கு. வாறப்ப பாருங்க, பின்னாலயே நாய்த் தடம். கையில பொரிச்ச கோழி இருந்திருக்கு."

"கோழின்னு எப்படித் தெரியும்?"

"இடியப்பத்துக்கா மாமா நாய் பின்னால வரும்?"

மாரிசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செருப்பு?"

"போடல. அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு."

சிரிப்பு நின்றது. தெமோதரை மலைக் குளிரில் செருப்பில்லாமல் நடப்பவர்கள் அந்த லயத்தில் இரண்டே பேர். காவடிக்குக் காப்புக் கட்டி, கவிச்சி தொடாமல் விரதம் இருக்கும் மாரிசாமியும் சிவஞானமும். மாரிசாமி தன் காலைத் தடத்தில் வைத்துப் பார்த்தார். பாதிகூட நிறையவில்லை.

"மாப்ளே, விரதத்துல கோழியா? ஒம் பொஞ்சாதி லீலா ஒப்பரேஷன்ல பொழைச்சதுக்கு நேந்த காவடியாச்சே! நீ தூக்க வேணாம். காப்பக் கழட்டு."

 லீலா ஆஸ்பத்திரியில் கிடந்த நாளிலிருந்து சிவஞானம் ஏங்கிக் காத்திருந்த காவடி அது. ஆனாலும் கை காப்புக் கயிற்றின் முடிச்சைத் தேடியது.

"இருங்கப்பா, இன்னும் முடியல!"

மேனுஷா வீட்டுக்குப் பின்புறம் ஓடி, ஒரு கோழிக்கால் எலும்போடு வந்தாள்.

"தடம் நடந்தவரத்தான் காட்டும் மாமா. தின்னவர எலும்புதான் காட்டும். இங்க பாருங்க, கடிச்ச எடத்துல முன்பல்லு ஒன்னு பதியல. அப்பா, ஈன்னு காட்டுங்க!"

சிவஞானம் தயங்கித் தயங்கிக் காட்டினார். ஒரு பல்லும் குறையவில்லை.

"என்ன காலங்காத்தால கூட்டம்?" என்றபடி பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்த குடத்தோடு வந்தாள் லீலா.

"அம்மா, நீங்களும் ஈன்னு காட்டுங்க!"

எலும்பைப் பார்த்த லீலா, குடத்தைக்கூட இறக்காமல் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.